பட்டியல் நீளும், நீங்கள் மலைக்க வேண்டாம்: மொபைல் லெஜண்ட்ஸ் ஹீரோக்களைப் பழகும் வழி

போன மாதம் எங்கள் டெப்போவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஓய்வறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் திறந்திருந்தது. ஐவர் அணி ஒன்று இன்னொரு ஐவர் அணியோடு மோதும் விளையாட்டு அது; ஆளுக்கு ஒரு ஹீரோவை எடுத்து ஆட வேண்டும். ஹீரோக்களின் பட்டியலை விரலால் தள்ளினார், தள்ளினார், முடிகிற வழியாகத் தெரியவில்லை. "அண்ணே, நூத்தி இருபது பேருக்கு மேல இருக்காங்க. இதுல எவனைப் புடிச்சு எங்கே தொடங்குறது?" என்று கேட்டார்.

அன்று அரைமணி நேரத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கும் ஆகும், அவரைப்போல் இப்போது சேர்பவர்களுக்கும் ஆகும்.

நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் பேருந்து ஓட்டுகிறேன். இந்த விளையாட்டை ஆறு வருடங்களாக ஆடுகிறேன். என்னோடு சேர்ந்து ஐந்து பேர்: என் மச்சினன், தேசிய சேவையில் இருக்கும் என் அக்கா மகன், எங்கள் புளோக்கில் குடியிருக்கும் இரண்டு பிள்ளைகள், நான். ஒரு ஆட்டம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வரை போகும், சில சமயம் இருபதைத் தாண்டும். அதனால் என் ஓய்வு நேரத்தில் முழுதாக இருபத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தால்தான் தொடங்குவேன். பாதியில் விட்டுப் போனால் கூட ஆடும் நால்வரின் உழைப்பும் வீண். கணக்கில் உள்ள நன்னடத்தைப் புள்ளியும் குறையும். புதியவர்கள் இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

ஷாங்காயைச் சேர்ந்த மூன்டன் நிறுவனம் 2016இல் இந்த விளையாட்டை வெளியிட்டது. அன்றிலிருந்து ஹீரோக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிப், ஜூஷின், சுயூ, லூகாஸ் என்று நான்கு பேர் வந்தார்கள். புதியவர்கள் வருவதோடு பழையவர்களும் மாறுகிறார்கள். 2020இல் தொடங்கிய ப்ராஜெக்ட் நெக்ஸ்ட் பல பழைய ஹீரோக்களின் தோற்றத்தையும் திறன்களையும் புதுப்பித்தது. ஆகவே "எல்லாரையும் ஒருமுறை கற்று முடித்துவிடலாம்" என்ற கணக்கை முதலில் கைவிடுங்கள்.

என் வேலையை வைத்தே சொல்கிறேன். டெப்போவுக்கு ஒரு புதிய ஓட்டுநர் வந்தால் அவரிடம் எல்லாத் தடங்களையும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று தடங்கள்தான். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு அவர் பழக வேண்டும். எந்த நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடி வருவார்கள், எந்தத் திருப்பத்தில் வண்டியின் வால் நடைபாதையை ஒட்டிப் போகும் என்பதெல்லாம் உடம்பில் ஊற வேண்டும். ஆனால் சாலையில் எதிரே வருகிற எல்லாவற்றையும் அவர் அறிந்திருக்க வேண்டும். கொள்கலன் லாரி திரும்பும்போது எவ்வளவு இடம் எடுக்கும், ஜொகூர் கடற்பாலத்திலிருந்து காலையில் கூட்டமாக வரும் மோட்டார்சைக்கிள்கள் எந்தப் பக்கம் நுழையும், டாக்சி எங்கே திடீரென்று நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். லாரியை ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, லாரி என்ன செய்யும் என்று தெரிந்தால் போதும்.

இந்த விளையாட்டிலும் அப்படித்தான். மூன்று ஹீரோக்களை ஓட்டப் பழகுங்கள். மற்ற நூற்றுச் சொச்சம் பேரும் எதிரே வந்தால் என்ன செய்வார்கள் என்று அறியப் பழகுங்கள். இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஒரே வாரத்தில் பதினைந்து ஹீரோக்களை மாற்றி மாற்றி எடுத்து, ஒருவரையும் உருப்படியாக ஆடாமல் சலித்துப் போகிறார்கள்.

எதிரே வருபவர்களைப் பழகுதல்

விளையாட்டு தன் ஹீரோக்களை ஆறு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: டேங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர்), ஃபைட்டர் (நெருங்கி நின்று மோதுபவர்), அசாசின் (பாய்ந்து கொல்பவர்), மேஜ் (மந்திரத்தால் அடிப்பவர்), மார்க்ஸ்மேன் (தூரத்திலிருந்து சுடுபவர்), சப்போர்ட் (துணை நிற்பவர்). நாம் ஆடுவதற்கு இந்தப் பிரிவு உதவும். எதிரியை அறிய அவ்வளவாக உதவாது. ஃபிராங்கோவும் டைகிரலும் இருவருமே டேங்க்தான். ஆனால் ஃபிராங்கோ தூரத்திலிருந்து கொக்கி வீசி ஒருவரை இழுப்பான், டைகிரல் கூட்டத்தின் நடுவே வந்து சுற்றி நிற்பவர்களை எல்லாம் ஒரே இடத்தில் குவிப்பான். முன்னவனுக்கு நாம் மினியன்களின், அதாவது தானாக நடந்துபோய்ச் சண்டையிடும் நம் சிறு வீரர்களின், பின்னால் நிற்க வேண்டும், ஏனென்றால் கொக்கி முதலில் படுகிற ஆளைத்தான் பிடிக்கும். பின்னவனுக்கு ஐவரும் சிதறி நிற்க வேண்டும். வகை ஒன்று, மருந்து இரண்டு.

அதனால் நான் வேறு விதமாகப் பிரிக்கிறேன். ஹீரோவைப் பார்த்ததும் ஒரே கேள்வி கேட்கிறேன்: இவன் என்னை எப்படிக் கொல்வான்?

இழுப்பவர்கள் ஒரு கூட்டம். ஃபிராங்கோ, காஜா இதில் முக்கியம். இவர்களுடைய பெரிய திறனில் மாட்டினால் கை கால் ஓடாது. பியூரிஃபை என்ற மந்திரம் நம்மை அசைய விடாத பெரும்பாலான கட்டுகளிலிருந்து விடுவிக்கும், ஆனால் இந்த இருவரின் பிடியில் அதை அழுத்தவே முடியாது. நான் முதல் வருடம் முழுக்க ஃபிராங்கோவுக்கு எதிராகப் பியூரிஃபை எடுத்துப் போய் ஏமாந்தேன். அப்படி மாட்டினால் நம் தோழர் ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் ஒரே வழி.

குவிப்பவர்கள் அடுத்த கூட்டம். டைகிரல், அட்லஸ். அட்லஸ் சங்கிலி மாட்டி நாலைந்து பேரைத் தூக்கித் தனக்கு வேண்டிய இடத்தில் அடிப்பான். அந்த நேரத்தில் டிக்கி என்ற ஆந்தை நம் பக்கம் இருந்தால் நிம்மதி. டிக்கியின் பெரிய திறன் தோழர்கள் மேல் உள்ள கட்டுகளை நீக்கி, கொஞ்ச நேரம் புதுக் கட்டு விழாமலும் காக்கும்.

பாய்பவர்கள் பெரிய கூட்டம். சேபர் ஒருவரை மட்டும் குறிவைத்துக் காற்றில் தூக்கி வெட்டுவான். குஷன் கத்திகளை வீசி ஒரு மூச்சில் வந்து போவான். ஃபேனி சுவருக்குச் சுவர் கம்பி கட்டிப் பறப்பாள், லிங் சுவர்மேலேயே நடப்பான். ஃபேனியின் உயிர் அவளுடைய ஆற்றல் கோட்டில் இருக்கிறது. அது தீர்ந்தால் அவள் தரையில் நிற்கிற சாதாரண ஆள்தான். அவளை எதிர்த்து ஆடும்போது கண்ணை அவள்மேல் வைக்காமல் அவள் எத்தனை கம்பி விட்டாள் என்று எண்ணுங்கள்.

மறைபவர்கள், உதாரணம் நட்டாலியா. புதரில் நுழைந்தால் காணாமல் போவாள். தனியாக நிற்கும் மார்க்ஸ்மேனைத்தான் தேடுவாள். எதிரணியில் அவள் இருந்தால் தனியாகப் புதர் ஓரம் போவதை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தூரத்திலிருந்து வந்து சேர்பவர்கள் உண்டு. ஆல்டஸ் பெரிய திறனை அழுத்தினால் எதிரிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், அவர்களில் ஒருவரை நோக்கிப் பறந்து வருவான். ஜான்சன் காராகவே மாறித் தோழரை ஏற்றிக்கொண்டு வந்து மோதுவான். ஏஞ்சலா வரைபடத்தின் எந்த மூலையிலும் உள்ள தோழருக்குள் போய்ச் சேர்வாள். சிப் வாசல் திறந்து தன் ஆட்களைக் கொண்டுவருவான். இவர்கள் எதிரே இருக்கும்போது நமக்கு எதிரே ஒருவன்தான் நிற்கிறான் என்று நம்பிச் சண்டை போடக் கூடாது.

குணப்படுத்துபவர்கள்: எஸ்டஸ், ரஃபேலா. எஸ்டஸ் இருக்கும் அணியை மெதுவாக அடித்தால் அவர்கள் சாக மாட்டார்கள். குணமாகும் அளவைக் குறைக்கும் பொருளை, உடல் தாக்குதல் ஹீரோவென்றால் சீ ஹால்பர்டை, சீக்கிரம் வாங்க வேண்டும். ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தைச் சேர்த்து வேறு பெரிய ஆயுதத்துக்குப் போகலாம் என்று காத்திருந்தால் ஆட்டம் கை மீறிவிடும்.

கூட்டம் அவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புது ஹீரோ யார் வந்தாலும் பெரும்பாலும் இந்தக் கூட்டங்களில் ஒன்றில், அல்லது இரண்டின் நடுவில் உட்காருவார். அதுதான் இந்த முறையின் பலன். இன்னொரு ஹீரோ வந்தாலும் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒரு வரிதான்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நான் இதைப் படித்துப் பழகவில்லை, ஒரு சனிக்கிழமை மார்சிலிங் காப்பிக்கடை மேசையில் பழகினேன். அன்று நான் லான்ஸ்லாட் ஆடிக்கொண்டிருந்தேன். எதிரே குஃப்ரா என்ற மம்மி. நான் பாய்ந்தேன், காற்றில் தூக்கி எறியப்பட்டேன், செத்தேன். மறுபடி பாய்ந்தேன், மறுபடி செத்தேன். மூன்றாவது தடவை என் அக்கா மகன் தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். ஆட்டம் முடியட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு மேசையில் இருந்த மிளகுத்தூள் டப்பாவை நடுவில் வைத்தான். பல்குச்சி ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தான்.

"மாமா, இந்த டப்பாதான் குஃப்ரா. குச்சி நீங்க. அவன் உருண்டையா சுருண்டுக்கிட்டு குதிக்கிறான்ல, அப்போ பக்கத்துல யாரு பாஞ்சாலும் தூக்கி அடிச்சிடுவான். அவன் குதிச்சு முடிக்கிற வரைக்கும் நடந்தே சுத்துங்க. முடிஞ்சதும் பாயுங்க. அப்புறம் அவன்கிட்ட ஒண்ணும் இல்ல."

டப்பாவைத் தத்தித் தத்தி நகர்த்திக் காட்டினான். குச்சியை ஓரமாகவே நடத்தினான். டப்பா நின்றதும் குச்சியை டப்பாமேல் போட்டான். பக்கத்து மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர்கூட எட்டிப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தில் குஃப்ரா வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்தான். நான் நடந்தேன், காத்திருந்தேன், பாய்ந்தேன். குஃப்ரா செத்தான்.

அன்று இரவே பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் கோடு போட்டேன். நான்கு பத்திகள்: பெயர், எப்படி வருவான், அவனுடைய எந்தத் திறனுக்கு நான் ஒதுங்க வேண்டும், அது முடிந்ததும் மறுபடி வர எவ்வளவு நேரம் ஆகும். நான்காவது பத்திதான் உயிர். ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு திறன்தான் நிஜமான ஆபத்து. அதைச் செலவழித்த பிறகு அவனிடம் சில விநாடிகள் வெறுமை இருக்கும். அந்த விநாடிகளில்தான் சண்டை ஜெயிக்கும். நேரத்தை எண்ணாகக் குறிக்கத் தேவையில்லை. "குறைவு", "நீளம்" என்று எழுதினால் போதும், ஹீரோக்களின் பலத்தை அவ்வப்போது சரிசெய்யும் சமநிலைப் புதுப்பிப்பில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

நோட்டை எப்படி நிரப்புவது? பட்டியலை வரிசையாக எடுத்துப் படித்து நிரப்பாதீர்கள், மனத்தில் தங்காது. உங்களைக் கொன்றவனை எழுதுங்கள். செத்ததும் திரையில் யார், எந்தத் திறனால், எவ்வளவு அடித்தார்கள் என்ற விவரத்தைப் பார்க்கலாம். திரும்பி எழக் காத்திருக்கும் அந்த நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெயர் போதும். நாலைந்து மாதத்தில் முழுப் பட்டியலும் உங்கள் கையெழுத்தில் இருக்கும். அதுவும் உங்களை எதிர்த்து உண்மையில் வருகிறவர்கள் முதலிலும், அபூர்வமாக வருகிறவர்கள் கடைசியிலுமாக, சரியான வரிசையில் இருக்கும்.

உங்களுடைய மூவர்

எதிரிகளைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொன்னேன். சொந்த ஹீரோக்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, ஏனென்றால் அது வாயால் சொல்லி வருகிற காரியம் இல்லை.

வரைபடத்தில் ஐந்து வேலைகள்: எக்ஸ்பி லேன், கோல்ட் லேன், நடு லேன், காடு, ரோம். லேன் என்பது எதிரியின் தளத்துக்குப் போகும் பாதை. காடு என்பது பாதைகளுக்கு இடையே விலங்குகளை வேட்டையாடும் வேலை. ரோம் என்பது சுற்றித் திரிந்து தோழர்களுக்குத் துணை நிற்பது. இவற்றில் ஒரு வேலையை உங்கள் வேலையாக எடுத்துக்கொண்டு அதற்கு இரண்டு ஹீரோக்களைப் பழகுங்கள். மூன்றாமவர் வேறு வேலைக்கு. ஒருவரையே நம்பியிருந்தால் ஆட்டத்துக்கு முன் அவரை எதிரணி தடை செய்துவிட்டாலோ முந்தி எடுத்துவிட்டாலோ கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது நடு லேனும் ரோமும். நடுவில் யூடோரா நல்லவள். மின்னலால் ஒருவரை நிறுத்தி, மேலே மேலே மின்னலை இறக்குவாள். யாரை, எப்போது அடிக்க வேண்டும் என்ற ஒரே பாடத்தை அவள் கற்றுத் தருவாள். ரோமுக்கு டைகிரல். அவனை ஆடினால் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிடும். கோல்ட் லேன் பிடித்தவர்கள் லைலாவையோ மியாவையோ எடுக்கலாம். லைலாவுக்குத் தூரம் அதிகம், தப்பி ஓடப் பாய்ச்சல் கிடையாது, அதனால் எங்கே நிற்பது என்பதை அவளைப்போல் கண்டிப்பாகச் சொல்லித் தருபவர் வேறு யாருமில்லை. காட்டு வேலையை மட்டும் முதல் மாதம் தொடாதீர்கள். அதற்கு ரெட்ரிபியூஷன் மந்திரம் எடுக்க வேண்டும், விலங்குகளின் நேரம் தெரிய வேண்டும், ஆமை, லார்டு என்ற பெரிய மிருகங்கள் வரும்போது அங்கே இருக்க வேண்டும். காட்டில் இருப்பவர் தடுமாறினால் ஐந்து பேரும் தடுமாறுவார்கள்.

ஒவ்வொரு ஹீரோவையும் முதலில் பயிற்சி அறையில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எந்தத் திறன் எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் அளந்து பாருங்கள். அப்புறம் தரவரிசையைத் தொடாத கிளாசிக் ஆட்டத்தில் இருபது தடவை. அதன் பிறகுதான் தரவரிசை ஆட்டம். எண்ணிக்கை அதிகம் என்று தோன்றும். பேருந்து உரிமத்துக்கு முன் நான் பயிற்சி வண்டியில் சுற்றிய தூரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

புதிய ஹீரோ வரும் வாரம்

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புதிய முகம் வந்ததும் எல்லாரும் அதையே எடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே ஹீரோ, யாருக்கும் ஆடத் தெரியாது, யாருக்கும் எதிர்க்கவும் தெரியாது.

அந்த வாரம் வாங்காதீர்கள். புதிய ஹீரோவின் விலை வழக்கமாக 32,000 பேட்டில் பாயிண்ட், இல்லையென்றால் 599 டைமண்ட். முன்னது விளையாடினாலே சேரும், பின்னது கைப்பணம். வெளிவந்த சில வாரங்களில் அந்த ஹீரோவின் பலம் கூட்டவோ குறைக்கவோ படும், அது பல இணைய விளையாட்டுகளிலும் உள்ள வழக்கம். கூட்டமும் அதற்குள் வடிந்துவிடும். வாரந்தோறும் மாறும் இலவச ஹீரோக்கள் பட்டியலிலும் கண் வையுங்கள். பல பழைய ஹீரோக்கள் அதில் வருவார்கள், காசு செலவில்லாமல் பழகலாம். எங்கள் புளோக் பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது: அம்மா அப்பா கார்டு எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வைக்காதே. பேட்டில் பாயிண்ட் சேரக் காத்திருக்கும் காலம் வீணில்லை. அந்தக் காலத்தில்தான் அந்த ஹீரோவை எதிரியாகப் பார்த்து நோட்டில் எழுதி முடித்திருப்பாய். வாங்கும் நாளில் அவனுடைய பலவீனம் எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும்.

புதியவர்கள்தான் வலிமையானவர்கள் என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் இந்த விளையாட்டின் எம்3 உலகப் போட்டி நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. பிலிப்பீன்ஸைச் சேர்ந்த பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல் வென்றது. அந்த அணிக்குப் பேர் வாங்கித் தந்த ஆட்டமுறை எஸ்டஸை மையமாக வைத்து ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் முறை. எஸ்டஸ் ஆரம்ப வருடங்களிலேயே வந்த ஹீரோ. தொற்றுக் காலம் என்பதால், எம்ஆர்டி ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்த போட்டியை நாங்கள் ஐவரும் வீட்டு வரவேற்பறையில் திரையில்தான் பார்த்தோம். அன்று முதல் என் மச்சினன் எஸ்டஸை விடவில்லை.

தேர்வு மேசை

தரவரிசையில் எபிக் நிலைக்கு ஏறியதும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு ஆட்டம் தொடங்கும். இரு அணிகளும் சில ஹீரோக்களைத் தடை செய்யும், பிறகு மாறி மாறித் தேர்வு செய்யும். ஒருவர் எடுத்த ஹீரோவை மற்ற அணி எடுக்க முடியாது. நோட்டுப் புத்தகம் பலன் தருவது இங்கேதான். எதிரணி அட்லஸை எடுத்தால் எங்கள் அணியில் டிக்கி உண்டா என்று பார்ப்போம். லான்ஸ்லாட், லிங் போன்ற பாய்பவர்களை எடுத்தால் குஃப்ராவோ, தன் வட்டத்துக்குள் யாரையும் பாய விடாத மின்சித்தரோ நினைவுக்கு வர வேண்டும்.

தடை செய்யும்போது "எது வலிமையானது" என்று பார்க்காதீர்கள். உங்கள் ஐவருக்கும் எதிர்க்கத் தெரியாதது எது என்று பார்த்துத் தடை செய்யுங்கள். எங்கள் அணி ரொம்ப நாள் ஃபேனியைத் தடை செய்துகொண்டிருந்தது. கம்பிகளை எண்ணப் பழகிய பிறகு அந்தத் தடையை வேறு ஒருவருக்குச் செலவிட்டோம். பட்டியல் வளர வளர தடைக்கான இடம் அதே அளவில் வளராது. ஆகவே நீங்கள் கற்ற ஒவ்வொரு பெயரும் ஒரு தடையை மிச்சப்படுத்தும்.

உங்களுக்குத் தெரியாத ஹீரோவைத் தோழர் எடுக்கச் சொன்னால் தயங்காமல் "பழக்கமில்லை" என்று சொல்லிவிடுங்கள். அணிக்கு அது பெரிய உதவி.

பெயர் மனத்தில் நிற்க

தம்பி கடைசியாகக் கேட்டது இது: "பேரெல்லாம் வாய்ல நுழையல அண்ணே."

நுழையும், கதை தெரிந்தால். இந்தப் பட்டியலில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். லாப்பு-லாப்பு பிலிப்பீன்ஸின் மாக்டான் தீவில் ஐரோப்பியரை எதிர்த்து நின்ற தலைவர். கடித்தா ஜாவாவின் தென்கடல் அரசி கதையிலிருந்து வந்தவள். கட்டோட்காச்சா என்று பிள்ளைகள் கூப்பிடுவது யாரைத் தெரியுமா? நம் கடோத்கசன்தான். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். பாட்டியிடம் பாரதம் கேட்டு வளர்ந்த எனக்கு, அவனை முதன்முதலில் திரையில் பார்த்தபோது கண் கலங்கியது. விளையாட்டுக்கு அவன் வந்த வழி ஜாவாவின் வாயாங் நிழற்கூத்து. அங்கே அவன் கம்பி நரம்பும் இரும்பு எலும்பும் கொண்டு வானில் பறப்பவன். இப்போது அவனுடைய திறன்களைப் பாருங்கள்: அடி வாங்க வாங்கப் பலம் ஏறும், அந்தத் திறனின் பெயரே எஃகு எலும்பு. பெரிய திறனில் வானிலிருந்து தூரத்து இடத்தில் குதிப்பான். கதையை அறிந்தவருக்குத் திறன் மறக்காது.

அதைவிட நெருக்கமானவன் படாங். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் பலசாலி, பழைய சிங்கப்பூர் அரசனின் வீரன். அவனோடு பலம் பார்க்கக் கலிங்கத்திலிருந்து, அதாவது நம் தென்னாட்டுப் பக்கத்திலிருந்து, ஒரு மல்லன் வந்தான் என்று அந்தக் கதை சொல்கிறது. படாங் ஒரு பெரிய பாறையைத் தூக்கி எறிந்தான், அது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் போய் விழுந்தது. ஆற்று வாயில் உண்மையிலேயே எழுத்து வெட்டிய ஒரு பெரும்பாறை இருந்தது. 1843இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று ஸ்டாம்ஃபோர்டு சாலையில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. படாங் எறிந்த பாறை அதுதான் என்று சொல்வாருண்டு.

அக்கா மகனையும் புளோக் பிள்ளைகளையும் ஒரு ஞாயிறு அங்கே கூட்டிப்போனேன். கண்ணாடிக்குப் பின்னால் தேய்ந்த எழுத்துகளோடு அந்தக் கல். யாரும் இன்னும் முழுதாகப் படித்தறியாத எழுத்து. சின்னவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைப்பேசியை எடுத்துப் படாங்கின் இரண்டாம் திறனைத் திறந்து என்னிடம் காட்டினான். எதிரியை முட்டித் தள்ளி, அவன் பின்னால் ஒரு தடுப்பை எழுப்பும் திறன் அது. அந்தத் தடுப்பில் மோதும் படாங்கின் குத்துகள் வெடிக்கும், அதனால் படாங் எதிரே இருந்தால் சுவர் ஓரம் நிற்கக் கூடாது.

"அதான் மாமா, கல்லு," என்றான்.

எம்ஆர்டியில் திரும்பும்போது அவனே நோட்டை வாங்கி எழுதினான். பெயர்: படாங். எப்படி வருவான்: முட்டிக்கொண்டு. எதற்கு ஒதுங்க வேண்டும்: கல்லுக்கும் சுவருக்கும். மறுபடி வர நேரம் என்ற பத்தியை மட்டும் காலியாக விட்டான். ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றான்.